சர்வீஸுக்கும் ரிசோர்ஸுக்கும் நடுவுல ஒரே ஒரு அம்புக்குறி போதுமா? மேப் போட்டு மண்டை காயுது

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் வழியா தெனமும் கோயமுத்தூர் போயிட்டு வர்ற ஆளு, சரவணம்பட்டி பக்கம் ஒரு கம்பெனில பிளாட்பார்ம் டீம். எங்க லீடு ஒரு வேலை குடுத்திருக்காரு. ஓடுற ஒவ்வொரு சர்வீஸும் எந்த டேட்டாபேஸ், எந்த கியூ (மெசேஜ் வரிசையா காத்திருக்கற எடம்), எந்த பக்கெட் (கிளவுடுல ஃபைல் போட்டு வைக்கற எடம்), எந்த சர்டிபிகேட்டை (இது நம்ம சர்வர்தான்னு காட்டற டிஜிட்டல் சான்று) நம்பி ஓடுதுன்னு ஒரு மேப் வேணுமாம், இதையெல்லாம்தான் ரிசோர்ஸுங்கறோம். நாங்களும் போட்டோம், எல்லாத்துக்கும் ஒரே உறவு, 'டிபெண்ட்ஸ் ஆன்' (இதை நம்பி இருக்கு). ஆர்டர் சர்வீஸ் டிபெண்ட்ஸ் ஆன் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், பில்லிங் டிபெண்ட்ஸ் ஆன் கியூ, இப்படி. பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருந்துச்சு.

போன மாசக் கடைசில, எங்க கிளவுடை பாத்துக்கற வெளி ஏஜென்சி (பேரு வேண்டாமுங்க) அந்த மேப்பை தொறந்து பாத்துட்டு, இந்த கியூவுக்கு ஒரு அம்பு கூட வரல, சும்மா காசு போகுதுன்னு ஒரு கியூவை தூக்கிட்டாங்க. அது பேங்க் கணக்கு டேலி பண்ற ஜாப் மாசக் கடைசில மட்டும் தொடற கியூ. ஜாபு எர்ரர் போட்டு விழுந்திருந்தாலாச்சும் ராத்திரியே தெரிஞ்சிருக்கும், அது என்ன பண்ணுச்சுன்னா கியூல ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டு வெத்து ரிப்போர்ட்டை மெயில் அனுப்பிட்டு 'சக்சஸ்'னு முடிஞ்சுருச்சு. காலைல அக்கவுண்ட்ஸ் மேடம் மொத்தம் சைபர்னு இருக்கறத பாத்துட்டு போன் பண்ணித்தான் எங்களுக்கே தெரியும்.

இப்ப ஏஜென்சி சொல்றது, உங்க மேப்புல இல்ல, நாங்க என்ன பண்றது. கேள்வி ரெண்டுங்க. அம்புல எத்தனை வகை வேணும்? அந்த அம்பு உண்மைன்னு யாரு கேரண்டி?

சித்தூர்_ஜாவா:
பேக்ஸ்டேஜ் போடுங்க பாஸ், கம்பெனில இருக்கற சர்வீஸையெல்லாம் பட்டியல் போடற டூல், முடிஞ்சுது. ஸ்பாட்டிஃபை 2020ல ஓப்பன் சோர்ஸ் பண்ணிட்டாங்க. காம்போனென்ட், ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொண்ணை கூப்பிடற வழி), ரிசோர்ஸ், சிஸ்டம், டொமைன்னு எல்லாம் ரெடியா இருக்கு. யாரு ஓனர், எந்த ஏபிஐயை குடுக்குது, எதை வாங்குதுன்னு உறவும் இருக்கு. சக்கரத்தை திரும்ப கண்டுபிடிக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
அண்ணா அதுலதான் போட்டோம். சர்வீஸுக்கும் ரிசோர்ஸுக்கும் நடுவுல அதுலயும் 'டிபெண்ட்ஸ் ஆன்' மட்டுந்தானுங்க. டேட்டாபேஸ் போனா சர்வீஸே சாகுமா, இல்ல கொஞ்சம் ஸ்லோ ஆகுமா, இல்ல மாசத்துக்கு ஒருக்காத்தான் வேணுமா, எல்லாத்துக்கும் அதே அம்பு. அந்த அம்பு மேல ஒரு வார்த்தை எழுதி வைக்கக்கூட எடமில்ல. ஃபைல்ல எழுதறவன் யாருன்னு பாத்தா புதுசா சேந்த பையன், அவன் பழைய ஃபைலை காப்பி அடிச்சிருப்பான்.

பழைய_கிரிட்_ஆளு:
தம்பி, இந்த சண்டை உங்க ஊர் பஸ் ஸ்டாண்டை விட பழசு. கிரிட் கம்ப்யூட்டிங்னு ஒண்ணு இருந்துச்சு, பல எடத்து கம்ப்யூட்டரை ஒண்ணா சேத்து வேலை வாங்கறது, கேள்விப்பட்டிருப்பீங்களோ என்னமோ. அங்க மொத பெரிய ஸ்பெசிபிகேஷன் 2003ல வந்த ஓஜிஎஸ்ஐ. அதுல சர்வீஸும் அது வெச்சிருக்கற ஸ்டேட்டும் (நெனப்புல வெச்சிருக்கற தகவல்) ஒண்ணா ஒட்டிக்கெடக்கும், ஒரு ஜாப் போட்டா அந்த ஜாபுக்குன்னே ஒரு சர்வீஸ் இன்ஸ்டன்ஸ் பொறக்கும், ஜாப் முடிஞ்சா அதுவும் போயிரும். வெப் சர்வீஸ் ஆளுங்க சண்டைக்கு வந்துட்டாங்க, சர்வீஸ்னா ஸ்டேட் இல்லாம இருக்கணும், இதென்ன ஆப்ஜெக்டை கொண்டுவந்து நெட்வொர்க்குல வெக்கறீங்கன்னு. அதனால 2004 ஜனவரில அதையே ரெண்டா பிரிச்சு டபிள்யூஎஸ்ஆர்எஃப்னு கொண்டு வந்தாங்க, 2006 ஏப்ரல்ல ஓயாசிஸ்ங்கற அமைப்போட ஸ்டாண்டர்டும் ஆச்சு. அதுல சர்வீஸ் தனி, ரிசோர்ஸ் தனி. நீங்க சர்வீஸ் அட்ரஸோட ரிசோர்ஸ் ஐடியையும் சேத்து அனுப்பணும், எந்த ரிசோர்ஸ் மேல வேலை செய்யணும்னு சர்வீஸ் அதை வெச்சு தெரிஞ்சுக்கும். ஒரே சர்வீஸ், பின்னாடி ஆயிரம் ரிசோர்ஸ். ரிசோர்ஸுக்கு தனியா ஆயுசு உண்டு, டெர்மினேஷன் டைம்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள யாரும் நீட்டிக்கலைன்னா தானா அழிஞ்சுரும்.

நான் சொல்ல வந்தது அடுத்தது. 2009ல ஓஜிஎஃப்ங்கற கிரிட் ஸ்டாண்டர்ட் அமைப்பு ஆளுங்க குளூ 2.0ன்னு ஒரு மாடல் போட்டாங்க. அதுல சர்வீஸ்ல இருந்து ரிசோர்ஸுக்கு நேரா கோடு கிடையாது. நடுவுல மூணு பேர் உக்காந்திருப்பாங்க. உள்ள வர்ற வாசல் எண்ட்பாயிண்ட், ரிசோர்ஸை ஆளுறது மேனேஜர், யாருக்கு எவ்வளவுன்னு ஒதுக்கினது ஷேர். யாரு உள்ள வரலாம்ங்கற பாலிசி எண்ட்பாயிண்டோட, உள்ள வந்தவனுக்கு எதுல பங்குங்கற பாலிசி ஷேரோட. உங்க கியூ மேட்டர்ல ஏஜென்சிகாரன் கண்ணுக்கு கியூ தெரிஞ்சுது, அந்த கியூல டேலி ஜாபுக்கு பங்கு இருக்குன்னு எழுதின ஷேர் தெரியல. ஏன்னா உங்க மாடல்ல அப்படி ஒரு பொருளே இல்ல.

வாளையார்_டெவ்:
சார் மரியாதையாவே கேக்கறேன், டபிள்யூஎஸ்ஆர்எஃப் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அதோட எக்ஸ்எம்எல் ஃபார்மேட்டை ஒருத்தன் படிக்க முடியுமா? அதை நம்பி கட்டின குளோபஸ் டூல்கிட்ங்கற கிரிட் சாஃப்ட்வேருக்கே 2018ல சப்போர்ட் நிறுத்தியாச்சு. அதுல இருந்து எதை எடுத்துக்கறது?

பழைய_கிரிட்_ஆளு:
எக்ஸ்எம்எல்லை எடுத்துக்க சொல்லல தம்பி, அதுல நானும்தான் வதங்குனேன். ரிசோர்ஸுக்கு சர்வீஸை விட்டு தனி ஆயுசு, தனி அடையாளம், இதை எடுத்துக்கங்க. இன்னைக்கு குபர்நெட்டீஸ்ல (சர்வர்கள்ல புரோகிராமை ஓட்டி பாத்துக்கற சிஸ்டம்) நீங்க தெனம் தொடறது இதுதான்.

பொள்ளாச்சி_செல்வி:
சார் சொல்றது சரிதானுங்க, குபர்நெட்டீஸை வெச்சே சொல்லிடறேன், ஏன்னா அங்க உறவு ஒரே மாதிரி இல்ல, வேற வேற மாதிரி நடந்துக்கும். எல்லாரும் தெனம் பாக்கறதுதான், உறவுன்னு யோசிச்சு பாத்திருக்க மாட்டோம்.

ஒரு டெப்ளாய்மென்ட்டை (இந்த புரோகிராம் இத்தனை காப்பி ஓடணும்ங்கற ஆர்டர்) டெலீட் பண்ணுங்க. அதுக்கு கீழ இருக்கற ரெப்ளிகாசெட் (காப்பி எண்ணிக்கையை பாத்துக்கறது), அதுக்கு கீழ பாடு (pod, ஓடற ஒவ்வொரு காப்பி) எல்லாம் பின்னாடியே போயிரும். காரணம் ஓனர் ரெஃபரன்ஸ் (இதுக்கு அப்பன் யாருங்கற குறிப்பு). அது பேரை மட்டும் பாக்காது, யூஐடியையும் (ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாள நம்பர்) பாக்கும், அதனால அதே பேர்ல நாளைக்கு புதுசா ஒண்ணு உருவாக்கினாலும் பழைய புள்ளைங்களுக்கு அது அப்பன் ஆகாது. சரி, அந்த பாடுகளுக்கு முன்னாடி நின்ன சர்வீஸ் என்னாச்சு? அது அப்படியே நிக்கும், எண்ட்பாயிண்ட் லிஸ்ட் மட்டும் காலியா போயிரும். அங்க உறவு வெறும் லேபிள் செலக்டர், யாரும் யாருக்கும் சொந்தமில்ல, இந்த லேபிள் இருக்கறவன் எவன் வந்தாலும் சேத்துக்குவேன், இல்லைன்னா சும்மா நிப்பேன். மூணாவது, டிஸ்க். பிவிசின்னு இவ்வளவு டிஸ்க் வேணும்னு ஒரு கிளெய்ம் போடறோம், அது ஒரு வால்யூமோட (டிஸ்க்) ஒண்ணுக்கு ஒண்ணுன்னு கட்டிக்கும். பாடு ஓடிட்டிருக்கறப்ப அந்த கிளெய்மை டெலீட் பண்ணி பாருங்க, 'டெர்மினேட்டிங்'னு காட்டிட்டு அப்படியே நிக்கும், பாடு போற வரைக்கும் போகாது. யாரோ உபயோகப்படுத்தறாங்கங்கறதையே பூட்டா வெச்சிருக்காங்க. கிளெய்ம் போனதுக்கப்புறம் டிஸ்க்கும் போகுமா இருக்குமாங்கறது ரீகிளெய்ம் பாலிசி, டெலீட்டா ரீட்டெய்னான்னு அது தனி முடிவு.

அதனால நான் அம்பு வகையை முடிவு பண்ண ஒரே கேள்விதான் கேப்பேன், இந்தப்பக்கம் இருக்கறத அழிச்சா அந்தப்பக்கம் என்ன ஆகணும்? கூடவே சாகணுமா, சும்மா இருக்கணுமா, இல்ல அழிக்கவே விடக்கூடாதா. தம்பியோட கியூவுக்கு மூணாவது பதில்தான் வேணும், ஆனா மேப்புல வெறும் கோடு, கிளவுடுல ஒரு பூட்டும் இல்ல.

வாளையார்_டெவ்:
டெராஃபார்ம்ல (கிளவுட் ரிசோர்ஸை ஃபைல்ல எழுதி உருவாக்கற டூல்) பிரிவென்ட் டெஸ்ட்ராய்னு அழிக்க விடாத செட்டிங் போட்டிருந்தா நின்னிருக்குமே?

பொள்ளாச்சி_செல்வி:
டெராஃபார்ம் வழியா அழிச்சா நிக்கும். கன்சோல்ல போயி கிளிக் பண்றவனை அது என்ன பண்ணும்? அதுவுமில்லாம டெராஃபார்முக்கு தெரிஞ்சது அது உண்டாக்குன ரிசோர்ஸுகளுக்குள்ள இருக்கற உறவு. எந்த ஜாபோட புரோகிராம் எந்த கியூவை மாசக் கடைசில தொடுதுன்னு அதுக்கு எப்படி தெரியும்.

மணக்கடவு_மோகன்:
இவ்வளவு நேரம் படிச்சுட்டு இருந்தேன், நம்மூர்லயே கண்ணு முன்னாடி ஒரு உதாரணம் கெடக்குதுங்களே, பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணி திட்டம் (பிஏபி). நான் நெஜமாவே எங்க டீமுக்கு இதை வெச்சுத்தான் கிளாஸ் எடுத்தேன்.

பரம்பிக்குளம் டேம் எங்க இருக்கு? கேரளாவுல, பாலக்காடு மாவட்டம். யாரு ஆபரேட் பண்றது? தமிழ்நாடு. தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ரெண்டும் அதே கதைதான். தண்ணி யாருக்கு? ரெண்டு பக்கத்துக்கும். அதாவது 'எங்க இருக்கு', 'யாரு நடத்தறது', 'யாரு உபயோகிக்கறது' மூணும் வேற வேற ஆளு. இதை டிபெண்ட்ஸ் ஆன்னு ஒரே அம்புல போட்டா என்ன வெளங்கும்? கிளவுட் அமைப்பை விவரிக்க டோஸ்கான்னு ஓயாசிஸ் விட்ட ஸ்டாண்டர்டுல இதுக்கு தனித்தனி பேரே இருக்கு, ஹோஸ்டட் ஆன் (இது மேல குடியிருக்கு) வேற, கனெக்ட்ஸ் டூ (இதோட பேசுது) வேற, அட்டாச்சஸ் டூ (இதுல மாட்டியிருக்கு) வேற.

இன்னொரு விஷயம். சித்தூர் பக்கம் கேரளாவுக்கு போற தண்ணி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, அளக்கற எடம் மணக்கடவு அணை. ஒப்பந்தத்துல கையெழுத்து 1970, ஆனா 1958ல இருந்தே அமல்ன்னு எழுதியிருக்கு, 30 வருஷத்துக்கு ஒருக்கா மறுபரிசீலனை. இப்ப சொல்லுங்க, 7.25ங்கற நம்பரை எங்க எழுதுவீங்க? டேம் மேலயா? டேமோட கொள்ளளவு வேற நம்பர். சித்தூர் வயல் மேலயா? அதுவும் இல்ல. அது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற உறவோட சொத்து. அளவு, அளக்கற எடம், ஆரம்ப தேதி, திரும்ப பாக்க வேண்டிய தேதி, எல்லாம் அந்த உறவு மேலதான் உக்காரும். அதனால உறவை கோடா போடாதீங்க, டேபிள்ல தனி ரோவா போடுங்க, அதுக்கு தனி ஐடி குடுங்க. கிரிட் சார் சொன்ன ஷேர் இதேதான்.

சித்தூர்_ஜாவா:
அந்த 7.25 எந்த வருஷம் ஒழுங்கா வந்துச்சு, எங்க சித்தூர் பக்கம் மூலத்தரையில வந்து நின்னு பாருங்க மோகன் அண்ணா 😀

மணக்கடவு_மோகன்:
ஏனுங், மழை இல்லாத வருஷம் நாங்க எங்க போறது? ஆழியாறுல வந்து நீங்க பாருங்க.

பழைய_கிரிட்_ஆளு:
ரெண்டு பேரும் தனியா போய் சண்டை போடுங்கப்பா. ஆனா இதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு, ஒப்புக்கிட்ட அளவு டேபிள்ல ஒரு காலம் (column), நெஜமா வந்த அளவு இன்னொரு காலம், ரெண்டையும் ஒரே ஃபீல்டுல போட்டா இந்த சண்டைதான் வரும்.

பொள்ளாச்சி_செல்வி:
மோகன் அண்ணா, நல்லா இருக்கு, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. 2022 செப்டம்பர்ல பரம்பிக்குளத்துல ஒரு ஷட்டர் பிச்சுக்கிட்டு போச்சே, தண்ணி எங்க போச்சு? சாலக்குடி ஆத்துக்கு. சாலக்குடிக்காரங்க பிஏபி தண்ணியை உபயோகிக்கற லிஸ்ட்ல வருவாங்களா? மாட்டாங்க. ஆனா அடி வாங்க இருந்தது அவங்க. உபயோகிக்கறவன் லிஸ்ட் வேற, உடைஞ்சா பாதிக்கப்படறவன் லிஸ்ட் வேற. டிஎம்டிஎஃப்ங்கற ஸ்டாண்டர்ட் அமைப்போட சிஐஎம் மாடல்ல இதுக்குன்னே 'சர்வீஸ் அஃபெக்ட்ஸ் எலிமென்ட்'னு ஒரு அசோசியேஷன் (உறவு) தனியா இருக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு ஷேர்டு டேட்டாபேஸ் சர்வர்ல ஒரு டீம் பெரிய குவெரி ஓட்டினா சம்பந்தமே இல்லாத இன்னொரு டீம் சர்வீஸ் டைம் அவுட் ஆகும், ரெண்டு பேருக்கும் நடுவுல எந்த மேப்புலயும் கோடு இருக்காது. ஹோஸ்டட் ஆன் உறவை ஒழுங்கா வெச்சிருந்தா, ஒரே எடத்துல குடியிருக்கறவங்க யாருன்னு கணக்கு போட்டு எடுத்துரலாம், தனியா எழுதி வெக்க வேண்டியதில்ல.

ஆனைமலை_எஸ்ஆர்ஈ:
தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. கேரண்டி யாருன்னு.

மனுஷன் எழுதுன மேப்பு பழசாயிரும், அது சாபம். டிரேஸ்ல இருந்து எடுக்கலாம், கூகுள் 2010ல டாப்பர்ங்கற டிரேஸ் சிஸ்டம் பத்தி பேப்பர் விட்டதுல இருந்து எல்லாரும் அதைத்தான் பண்றோம், எந்த ரிக்வெஸ்ட் எங்கெங்க போச்சுன்னு பாத்து தானா கோடு வரையறது. ஆனா அதுல சாம்பிளிங் இருக்கும், எல்லா ரிக்வெஸ்டையும் பதியாது. மாசத்துக்கு ஒருக்கா ஓடற ஜாப் அதுல மாட்டறது அதிர்ஷ்டம். அதுவுமில்லாம நம்ம ஆளுங்க டிரேஸ் டேட்டாவை வெச்சிருக்கறதே கொஞ்ச நாள்தான், பில்லு ஏறும்னு. அப்ப மாசக் கடைசி உறவு எப்படி தெரியும்? வருஷக் கணக்கு முடிக்கற மார்ச் மாச ஜாபை நெனச்சு பாருங்க.

நாங்க பண்றது, ஒவ்வொரு உறவு ரோலயும் யாரு சொன்னது (ஃபைலா, டிரேஸா, கிளவுடோட பெர்மிஷன் பாலிசியா), கடைசியா எப்ப கண்ணால பாத்தோம், இது எத்தனை நாளைக்கு ஒருக்கா உபயோகமாகும்னு மூணும் இருக்கும். இதுல பெர்மிஷன் பாலிசியை யாரும் கண்டுக்கறதில்ல, ஆனா அதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஒரு ஜாபுக்கு குடுத்த ரோல் (role) இந்த கியூல இருந்து படிக்கலாம்னு பாலிசில இருந்தா, படிக்கற வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம், டிரேஸ்ல வந்தாலும் வராட்டியும். உங்க டேலி ஜாபுக்கும் அப்படி ஒரு பெர்மிஷன் இல்லாம கியூவை தொட்டிருக்க முடியாதுல்ல? அழிக்கறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாத்திருந்தா போதும்.

வாளையார்_டெவ்:
கிரிட் சார் சொன்ன டெர்மினேஷன் டைம் மாதிரி உறவுக்கே ஆயுசு வெச்சரலாமே? ரின்யூ பண்ணலைன்னா கோடு தானா போயிரும், மேப்பும் சுத்தமா இருக்கும்.

ஆனைமலை_எஸ்ஆர்ஈ:
லீஸுங்கறது, அதாவது நேரம் குறிச்சு குடுக்கற உரிமை, நல்ல ஐடியாதான், கிரே, செரிட்டன்னு ரெண்டு பேரு 1989லயே பேப்பர் போட்டிருக்காங்க. ஆனா உறவு காலாவதி ஆகுறது வேற, ரிசோர்ஸை அழிக்கலாம்ங்கறது வேற. இதை ஒண்ணாக்கினா வெனை. 2025 அக்டோபர்ல அமேசான் வர்ஜீனியா ரீஜன் படுத்துச்சே, டைனமோடிபிங்கற டேட்டாபேஸோட டிஎன்எஸ் ரெக்கார்டை (அட்ரஸ் குறிப்பு) அவங்க ஆட்டோமேஷனே காலி பண்ணிருச்சு. அங்க இசி2வை (வாடகை சர்வர் சர்வீஸ்) ஓட்டற ஒரு உள் சிஸ்டம் ஒவ்வொரு பிசிக்கல் சர்வரோடயும் லீஸ் வெச்சிருக்கும், அந்த லீஸை சரிபாக்கற வேலை டைனமோடிபியை நம்பி ஓடுது. டைனமோடிபி இல்லாததால லீஸ் எல்லாம் வரிசையா காலாவதி. டைனமோடிபி திரும்பி வந்தப்புறம் எல்லா லீஸையும் ஒரே நேரத்துல திரும்ப போட போயி அந்த சிஸ்டம் திணறி நின்னுருச்சு, புது இன்ஸ்டன்ஸ் கெளப்பறதுக்கு இன்னும் பல மணி நேரம் இழுத்துச்சு. சர்வர்ங்க நல்லாத்தான் இருந்துச்சு, உறவு மட்டும் காலாவதி.

அதனால உறவு காலாவதி ஆனா 'சந்தேகம்'னு கலர் மாத்துங்க, அழிக்காதீங்க. அழிக்கணும்னா மொதல்ல பெர்மிஷனை எடுங்க, ரிசோர்ஸை அப்படியே வெச்சுட்டு எவன் கத்தறான்னு பாருங்க, ஒரு முழு சுத்து, மாசமோ வருஷமோ, அதோட சுத்து எவ்வளவோ அவ்வளவு. கூகுள்ல சப்பின்னு ஒரு லாக் (பூட்டு) சர்வீஸ், ரொம்ப நல்லா ஓடுனதால எல்லாரும் அது விழவே விழாதுன்னு நம்பி கட்டிட்டாங்க, அதனால அவங்களே அப்பப்ப வேணும்னே கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க, மறைஞ்சிருக்கற உறவு வெளிய வரட்டும்னு.

சித்தூர்_ஜாவா:
இதை எங்க மேனேஜர்கிட்ட சொன்னா என்னை நிறுத்திருவாரு.

பொள்ளாச்சி_செல்வி:
😀 டேபிள்ல இன்னொரு காலம் சேருங்க தம்பி, 'எப்ப வேணும்'. ஸ்டார்ட் ஆகறப்ப மட்டுமா, ஓடறப்பவா, ரிப்பேர் பண்றப்பவா. 2017 பிப்ரவரி 28 எஸ்3ங்கற ஃபைல் ஸ்டோரேஜ் விழுந்தப்ப அமேசானால தன்னோட ஸ்டேட்டஸ் பேஜை மாத்த முடியல, ஏன்னா அதை மாத்தற அட்மின் கன்சோலே எஸ்3யை நம்பி இருந்துச்சு. ஓடறப்ப பாத்தா ஒரு பிரச்சனையும் தெரியாது, விழுந்தப்பதான் ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்கற வட்டம் தெரியும். ரிப்பேர் உறவை மட்டும் தனியா எடுத்து வட்டம் இருக்கான்னு தேடுங்க.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பஸ்ல உக்காந்து இதை வரைஞ்சேன், கியூ மேட்டருக்கு மட்டும். சரியான்னு பாருங்க:

உறவு: டேலி ஜாப் → பேங்க் கியூ
வகை: உபயோகம் (ஓனர் இல்ல, ஹோஸ்ட் இல்ல)
கியூவோட ஓனர்: பேமென்ட்ஸ் டீம்
நடத்தறது: வெளி ஏஜென்சி
எப்ப வேணும்: ஓடறப்ப
சுத்து: மாசம் ஒருக்கா
யாரு சொன்னது: பெர்மிஷன் பாலிசி, அக்கவுண்ட்ஸ் மேடம்
கடைசியா பாத்தது: போன மாசக் கடைசி
இல்லைன்னா என்ன ஆகும்: ஜாப் பொய் சொல்லும்
அழிக்க வந்தா: தடு

பழைய_கிரிட்_ஆளு:
'ஜாப் பொய் சொல்லும்' 😀 அந்த ஒரு வரி போதும் தம்பி, நான் பாத்த ஸ்கீமாக்கள்லயே நேர்மையானது. ஒரே ஒரு எச்சரிக்கை. வகையை நாலைஞ்சுக்கு மேல போக விடாதீங்க. சிஐஎம்ல அசோசியேஷன் கிளாஸ் அத்தனை இருக்கு, அதை ஒழுங்கா நெரப்புன கம்பெனியை நான் பாத்ததில்ல. ஓனர், ஹோஸ்ட், உபயோகம், பாதிப்பு, இது போதும். அதுல பாதிப்பு கணக்கு போட்டு வர்றது, கையில எழுதறது மூணுதான். மத்ததெல்லாம் ரோ மேல காலமா போடுங்க.

வாளையார்_டெவ்:
சர்டிபிகேட்டை எங்க போடுவீங்க? அது ரிசோர்ஸா, இல்ல உறவு மேல ஒரு காலமா? எங்களுக்கு அதுலதான் தெனம் சண்டை.

ஆனைமலை_எஸ்ஆர்ஈ:
ரிசோர்ஸ்தான். ரெண்டு சர்வீஸ் ஒரே வைல்ட்கார்டு சர்டிபிகேட்டை (பல அட்ரஸுக்கு பொதுவானது) வெச்சிருந்தா காலமா போட்டீங்கன்னா அந்த பங்கு தெரியவே தெரியாது, ஒரே நாள்ல ரெண்டும் விழும். தனி ரோ, தனி ஓனர், காலாவதி தேதியோட.

கொழிஞ்சாம்பாறை_தம்பி:
ஓனர் டீமையே கலைச்சுட்டா ஓனர் காலத்துல யாரை போடறதுங்க? எங்ககிட்ட அப்படி நெறைய இருக்கு, போன தடவை டீமையெல்லாம் மாத்தி அமைச்சப்ப ரெண்டு டீம் காணாம போச்சு.

பொள்ளாச்சி_செல்வி:
ஆளு பேரோ டீம் பேரோ போடாம டொமைன் பேரை போடுங்க, பேமென்ட்ஸ், இன்வென்டரின்னு. டொமைனுக்கு இன்னைக்கு எந்த டீம்ங்கறது வேற டேபிள். அதுல காலியா இருக்கற டொமைன் எல்லாம் திங்கக்கிழமை மீட்டிங்ல உங்க லீடு பேருக்கு எழுதிருங்க, செவ்வாக்கிழமைக்குள்ள ஓனர் கெடைச்சிருவாங்க.